மூன்று மா ஒரு ஏக்கர் என்றால் மீதி எங்கே போயிற்று?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம் என்று சொன்னால், எங்கள் குடவாசல் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி ‘உடம்புக்கு என்ன?’ என்பதுதான். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு ஒன்று நோய் இருக்க வேண்டும், இல்லையேல் வீட்டில் கஷ்டம் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை. அப்படி எண்ணாததில் நியாயம் உண்டு. அது என்ன நியாயம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். மீண்டும் திறந்தபோது நாங்கள் அனுப்பவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் எங்கள் வீடே ஒரு பள்ளியாக இருந்தது: பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன், ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்குத் தமிழ், நடுவில் மோர் குடிக்க ஒரு இடைவேளை. பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கிடைக்கும் அதட்டல் முழுவதும் இங்கே ஒருத்திக்கே கிடைத்தது. பின்னம் நடத்திய மூன்று மாதங்களில் அவள் அழாத வாரம் இல்லை. உண்மையைச் சொன்னால் நானும் அழுதிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அன்ஸ்கூலிங் பற்றிப் படித்தேன். அந்தச் சொல்லை 1970களில் புழக்கத்தில் விட்ட ஜான் ஹோல்ட் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று பல ஆண்டுகள் எழுதிப் பார்த்து, கடைசியில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டவர். பாடத்திட்டம் வேண்டாம், அட்டவணை வேண்டாம், பிள்ளையின் ஆர்வம் போகும் வழியில் பெரியவர்கள் துணைக்குப் போனால் போதும் என்பது அதன் சாரம். அட்டையைக் கிழித்துப்போட்டேன். ஆறு மாதம் பார்ப்போம் என்று கணவர் அரை மனதோடு சம்மதித்தார்.

ஒரு நாள் மாமனார் வாசலில் நின்று நடவு ஆட்களோடு மா கணக்கில் கூலி பேசிக்கொண்டிருந்தார். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது தஞ்சைப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் கணக்கு. “ஒரு மாவுக்கு எத்தனை அடி தாத்தா?” என்று மகள் கேட்டாள். நூறு குழி ஒரு மா, ஒரு குழி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி என்றார் அவர். அவள் கரித்துண்டை எடுத்துத் திண்ணையிலேயே பெருக்கினாள். குழிக்கு 144, மாவுக்கு 14,400, மூன்று மாவுக்கு 43,200. ஆனால் ஏக்கருக்கு 43,560 சதுர அடி. “360 அடி காணோமே தாத்தா!” “அது வரப்புக்குப் போயிருக்கும்” என்று சிரித்தார் அவர். அவள் விடவில்லை. காணாமற்போனது இரண்டரைக் குழி என்று கண்டுபிடித்து, கயிறு பிடித்துக் களத்தில் அளந்து பார்த்தாள். கிட்டத்தட்ட எங்கள் மாட்டுக்கொட்டகை அளவு இருந்தது. மறுநாள் இருபது மா கொண்ட ஒரு வேலிக்கே கணக்குப் போட்டாள். வித்தியாசம் 2,400 சதுர அடி, அதாவது சரியாக ஒரு கிரவுண்டு. நான் மூன்று மாதம் தலையால் தண்ணீர் குடித்தும் ஏறாத பின்னமும் தசமமும் இரண்டே நாளில் ஏறிவிட்டன.

இந்த முறையைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு நாட்களுக்கு நடுவே, கைபேசியும் சோம்பலுமாக ஒன்றுமே நடக்காத நாற்பது நாட்கள் இருப்பதையும் எழுத வேண்டும். மகனுக்கு எட்டு வயது. தானாகப் படிக்க வருவான், காத்திருங்கள் என்றார்கள், காத்திருந்தோம். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று மனப்பாடமாகச் சொல்லும் அவன், பேருந்து நிலையத்தில் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துத்தான் கும்பகோணம் வண்டி எது, திருவாரூர் வண்டி எது என்று பிரித்தறிகிறான் என்பதை ஒரு நாள் கவனித்தேன். ஓட்டுநர் மாறியிருந்த அன்று தவறான வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். மறுநாளிலிருந்து, கொள்கை எப்படியானாலும் ஆகட்டும் என்று, தினமும் மாலை அரை மணி நேரம் எழுத்துக்கூட்ட வைக்கிறேன். ஆற்றில் இறக்கிவிட்டால் நீச்சல் வந்துவிடலாம். எல்லாப் பிள்ளைக்கும் எழுத்து அப்படி வருவதில்லை என்பது என் முடிவு. ‘இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்’ என்று மாமியார் இன்னும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை; அது அவருடைய பெருந்தன்மை.

இனி, முதலில் சொன்ன நியாயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: “என்னம்மா, இது குலக்கல்விதானே?” 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்படி பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும், கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1954இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் தொழிலை விதிக்கவில்லை என்று பதில் சொல்லலாம். ஆனால் டெல்டாவில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டையின் மாட்டை மேய்த்துக்கொண்டு பள்ளிக்கு வெளியே நின்ற காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே 1952இல்தான் வந்தது. எங்கள் வயலில் நடவுக்கு வரும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: “ஒங்க புள்ள படிக்கலைன்னாலும் நெலம் இருக்குக்கா. எம் புள்ளைக்கிப் பத்தாவது மார்க்‌ஷீட்டு இல்லாட்டி என்னா இருக்கு?” பள்ளிகளெல்லாம் சிறைகள் என்று எழுதுகிறவர்களோடு என்னால் சேர முடியாமற்போனது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். எங்கள் சோதனை, ஒரு பட்டதாரித் தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதாலும், அரிசி சொந்த வயலிலிருந்து வருவதாலும் நடக்கிறது.

வரும் ஜூனில் மகள் ஊர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேரப்போகிறாள். அவளே கேட்டாள், கபடி ஆட ஆள் வேண்டுமாம். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். தம்பி வரமாட்டேன் என்கிறான். நேற்று அவன் ‘வலங்கைமான்’ என்று பலகையைப் படித்தான், ஙகரத்தில் சற்றுத் திணறி.