றோட்டுல நிண்டு பாத்தா எல்லா வயலும் பச்சதான்

முந்தநாள் எல்லாரும் ஷெயார் பண்ணின அந்தப் படத்தப் பாத்திருப்பீங்க. விவசாய உத்தியோகத்தர்மார் ஜீப்ப நிப்பாட்டி, சப்பாத்தும் கழட்டாம றோட்டுக்கரையில நிண்டு எடுத்துப் போட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில பெரும்போக (மழைக்கால) நெல் நல்ல நிலையில இருக்காம், பாதிப்புக் குறைவாம். அந்தப் படத்துல பின்னுக்குத் தெரியிற மூணு ஏக்கர் எங்கட வயல். அதான் எழுதுறன்.

உத்தியோகத்தர்மாரே, வயலுக்குள்ள இறங்குங்க. இறங்காம வயலப் பத்தி எழுதாதீங்க.

அறக்கொட்டிப் பூச்சி, அதான் நீங்க கடதாசியில கபிலத் தத்தி எண்டு எழுதுறது, தண்ணிக்குக் கொஞ்சம் மேல அடித்தண்டுல அப்பிக்கொண்டு கிடந்து சாறு குடிக்கும். மேல பாத்தா பயிர் பச்சப்பசேல் எண்டு நிக்கும். ரெண்டு கையாலயும் பயிர விலக்கிக் குனிஞ்சு பாத்தாத்தான் தவிட்டு நிறத்துல புள்ளி புள்ளியாத் தெரியும், தண்டத் தட்டினா தண்ணியில கொட்டும். மறுகா கொஞ்ச நாளையில நடு வயல்ல வட்டம் வட்டமாக் கருகி வரும். அது ஜீப்புக்குத் தெரியுமா?

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழையில பயிர் தண்ணிக்குள்ள கிடந்து மஞ்சளாப் போச்சு. அத எழுப்ப அப்பா வழமைய விட ஒரு தரம் கூடுதலா யூரியா எறிஞ்சார். யூரியா கூடினா பயிர் தழைக்கும், தழைச்ச பயிருக்கு அறக்கொட்டி தேடி வரும், இது அப்பாக்குத் தெரியாததில்ல, ஆனா 2021 மே மாசம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியத் தடுத்துப்போட்டு, நாங்க விதைச்ச பிறகு நவம்பர்ல தடைய எடுத்தாங்களே, அந்தப் போகம் பயிர் நோஞ்சானா நிண்டு சப்பி (பதர்) வெட்டின பயம் அவருக்கு இன்னும் போகல.

'நீ டவுன்ல உத்தியோகம் பாக்கிறவன், உனக்கென்ன வயல் தெரியும்' எண்டு வருவீங்க. சனி ஞாயிறுல வரம்பு கட்டுற கை இது. 'ஆள் காணாது, எத்தின வயலத்தான் பாக்கிறது' எண்டுவீங்க. சரி, ஏத்துக்கிறன், ஆள் காணாதுதான். அப்ப ஆள் காணாது, பாக்கல எண்டு எழுதுங்களன், ஏன் நல்ல நிலை எண்டு எழுதுறீங்க? 'நட்டஈட்டுக்குத்தான் இந்தச் சத்தம்' எண்டும் ஒருத்தர் போட்டிருந்தார். ஓம், நட்டஈடு கேக்கிறம்தான். நகைய அடகு வெச்சு விதைச்சவன் கேக்காம வேற யார் கேப்பான்? பாதிப்புக் குறைவு எண்டு பேப்பர்ல விழுந்தா நாங்க எந்தக் கந்தோர் வாசல்ல போய் நிக்கிற?

விலையும் இப்பிடித்தான். 2025 பெப்ரவரி 5ஆந் திகதி ‘நாடு’ எண்டுற இன நெல்லு கிலோ 120 ரூபா எண்டு அரசாங்கத்தால அறிவிச்சாங்க, எங்கட பக்கம் அதுக்கு முதலே வெட்டத் தொடங்கிட்டு, ஈர நெல்லக் காயப்போட இடமில்ல, 14 வீதத்துக்கு மேல ஈரமிருந்தா நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு எடுக்காது, மிசின் கூலிக்கு ஆள் நிக்கிறான், களவெட்டிக்கு (நெல்லுக் களத்துக்கு) வந்த லொறிக்காரன் கேட்ட விலைக்குக் குடுத்தம். அந்தக் கிழமைதான் தம்பி கட்டாருக்குப் போறன் எண்டு சொன்னவன். இப்ப அவன் அங்க, அவன் பிடிச்ச மண்வெட்டி இங்க சுவர்ல சாத்திக் கிடக்கு.

அப்பாட்ட அந்தப் படத்தக் காட்டினன். கண்ணாடியப் போட்டுக் கனநேரம் பாத்தார். 'நம்மட வயல் படத்துல வடிவாத்தான் இருக்கு மனே' எண்டார், மறுகா ஒண்டும் பேசல. இண்டைக்கும் விடியுமுன்ன டோர்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு, அறக்கொட்டி குறையட்டும் எண்டு தண்ணிய வடிய விட வரம்ப வெட்டப் போயிட்டார்.