முதலில் ஊராட்சித் தேர்தலைக் கேட்போம்

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில், தாங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய நகர மன்ற உறுப்பினர்களைப் பாதியிலேயே நீக்க மக்கள் கையெழுத்து வாங்குகிறார்களாம். அந்தச் செய்தி மலேசியாவில் இருக்கும் எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததிலிருந்து, "நாமும் மனு போட்டு நம்ம கவுன்சிலரைத் தூக்குவோம்" என்று தம்பிமார் பலர் கொதிக்கிறார்கள்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது வரிசை வீடுகளின் பின்பக்கக் கால்வாயைப் போய்ப் பாருங்கள். சிமெண்ட் சுவர் உள்ளே சரிந்து, மண் அடைத்து, புல் முளைத்துக் கிடக்கிறது. சாயங்கால மழை பிடித்தால் தண்ணீர் நேரே அடுப்படிக்குள் வருகிறது. அங்கே ஒரு பாட்டி அரிசி டின்னை மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். புகார் கொடுத்து எத்தனையோ மாதம் ஆகிறது.

ஆனால் தம்பிமாரே, அந்தக் கவுன்சிலரை நாம் தேர்ந்தெடுக்கவே இல்லையே! 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, ஒவ்வொரு ஊராட்சி மன்றத்துக்கும் தலைவர் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது. அவர்கள்தான் கவுன்சிலர்கள். நடைமுறையில் ஆளும் கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நியமனத்தை ரத்து செய்யும் அதிகாரமும் மாநில அரசிடம்தான். ஊரே திரண்டு கையெழுத்துப் போட்டாலும் அது வெறும் கோரிக்கைக் கடிதம். அதற்குச் சட்டத்தில் ஒரு பிடியும் கிடையாது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1951இல் ஜார்ஜ் டவுனிலும், அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த நேரத்தில், தற்காலிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள். அதே ஆண்டு அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 சட்டத்தின் 15ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கான கதவை ஒரேயடியாகச் சாத்திவிட்டது. பினாங்கு மாநிலம் 2012இல் ஊராட்சித் தேர்தல் நடத்தத் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது இன்னும் வலிக்கும். அங்கே குழாய் உடைந்தால் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) சொல்வோம், அவர் மேனேஜரிடம் போவார். செய்தார்களோ இல்லையோ, யார் வாசலில் நிற்பது என்றாவது தெரிந்தது. தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து, நம்மை மலிவு வீடுகளுக்கு அனுப்பினார்கள். இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்பவரின் பெயர்கூட நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப்பிரச்சினை வரும் என்கிறார்கள். எங்கள் தாமானில் நம்ம தமிழ் அண்ணன் வீட்டுக்கும், மலாய்க்காரர் வீட்டுக்கும், சீனர் வீட்டுக்கும் பின்னால் ஓடுவது ஒரே கால்வாய்தான். அதைச் சரிசெய்பவருக்கு மூன்று வீடும் ஓட்டுப் போடும்.

சரி, தேர்தல் வந்த பிறகு, தேர்ந்தெடுத்தவரை மனு போட்டுப் பாதியிலேயே திரும்ப அழைக்கும் உரிமை வேண்டுமா? கண்டிப்பாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1903இலேயே அதைத் தன் சாசனத்தில் சேர்த்துக்கொண்டது. ஆனால் தோற்றவர்கள் மறுநாளே மனுவோடு கிளம்பிவிடக் கூடாது. பிரிட்டன் 2015இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொண்டுவந்த சட்டத்தில் சிறைத்தண்டனை, இடைநீக்கம் போன்ற காரணம் இருந்தால்தான் மனுவே தொடங்கும். அப்புறம் தொகுதி வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒரு வரம்பு நமக்கும் தேவை. முதல் ஓராண்டுக்கு மனுவே கூடாது என்பது என் கருத்து.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மன்றமே வேறு மாதிரி தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு வாங்குவோம். கால்வாய்ப் படத்தோடு பத்துப் பேராவது போய் உட்காருவோம். எங்கள் பகுதிக்கு யாரை, எதற்காக நியமித்தீர்கள் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் பதில் கேட்போம். 15ஆவது பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா என்ற கேள்வியை அடுத்த பொதுத்தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் வைப்போம். வர விரும்புகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள்.