அம்பு துளைக்கவில்லை ஐயா, துளைக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது வீடியோவை அனுப்பியிருப்பார்கள். நான் கையைத் தூக்கியதும், பேச்சாளர் சிரித்ததும், அவர் சிரித்ததைப் பார்த்து அரங்கம் சிரித்ததும் அதில் தெளிவாக இருக்கிறது. நான் பேசியது மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. பரவாயில்லை. இங்கே யாரும் என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்க முடியாது.

அவர் சொன்னது இது: 1415இல் பிரான்சில் உள்ள அஜின்கோர்ட் போர்க்களத்தில் இங்கிலாந்தின் ஏழை உழவர்கள் எய்த அம்பு, பிரெஞ்சுப் பிரபுக்களின் எஃகுக் கவசத்தை அப்பளம் மாதிரி நொறுக்கியது. நான் சொன்னது இது: நொறுக்கவில்லை. நல்ல எஃகு மார்புத் தகட்டை நெடுவில்லின் (longbow, அவர்கள் ஏந்திய ஆள் உயர வில்) அம்பு துளைக்காது. இதற்குக் கிடைத்த பதில், "நண்பருக்குப் பிரபுக்கள் மேல் என்ன பாசம் பாருங்கள்!"

நெடுவில்லை நான் குறைத்துப் பேசவே இல்லை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. 150, 160 பவுண்டு இழுவிசை அவற்றில் சாதாரணம். 160 பவுண்டு என்றால் ஏறக்குறைய 73 கிலோ. சின்ன வயதிலிருந்தே பழகாதவன் அதைப் பாதி கூட இழுக்க மாட்டான். சரி, வில் பயங்கரமானது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் கவசம் அப்பளம் ஆகிவிடுமா?

2019இல் இங்கிலாந்தில் சில கைவினைஞர்களும் வில்லாளி ஒருவரும் ஆயுத வரலாற்று அறிஞர் ஒருவரும் சேர்ந்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். 160 பவுண்டு வில். 25 மீட்டர் தூரம். அஜின்கோர்ட் காலத்து மாதிரியைப் பார்த்துச் செய்த மார்புத் தகடு, நடுவில் 2.5 மில்லிமீட்டர் கனம். அம்புகள் பட்டுத் தெறித்தன, உடைந்தன, தகட்டில் தடம் விட்டன. துளைக்கவில்லை. உடைந்த சிம்புகள் கழுத்தை நோக்கிச் சீறிப் போனதுதான் அதில் பார்க்க வேண்டிய காட்சி. அந்தக் காலத்து மார்புத் தகடுகள் பலவற்றில் கழுத்துக்குக் கீழே 'வி' வடிவத்தில் ஒரு பட்டை இருக்கும், அலங்காரம் என்று நினைப்போம். வழுக்கி மேலே வரும் முனையையும் சிம்பையும் பக்கவாட்டில் திருப்பிவிடத்தான் அது. அதை வைத்தவன் யோசிக்கத் தெரிந்தவன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். என் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையெல்லாம் எனக்கு அங்கேதான். தட்டையான தகட்டில் துளை போடுவது பெரிய விஷயமில்லை. வளைந்த பரப்பில் சென்டர் பஞ்ச் அடிக்காமல், அதாவது முதலில் ஒரு சின்னக் குழி போடாமல், டிரில்லை வைத்தால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும், சில நேரம் முனையே போய்விடும். அப்பா திட்டுவார். அந்தத் திட்டை வாங்கியவனுக்கு, குவிந்த மார்புத் தகட்டின் மேல் சாய்வாக விழும் அம்பு என்ன ஆகும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். மேடையில் இருந்தவர் வாழ்நாளில் ஒரு தகட்டைத் தட்டிப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. நான் பட்டறைக்காரன் மகன், அவர் பேராசிரியர். சிரிப்பு யாருக்குக் கிடைக்கும் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம்.

"அப்படியானால் பிரான்ஸ் ஏன் தோற்றது?" இதோ இந்தக் கேள்வியைத்தான் பின்வரிசையில் ஒருவர் வெற்றிப் புன்னகையோடு கேட்டார். சேறு ஐயா, சேறு. புதிதாக உழுத நிலம், முந்தைய இரவு மழை, இரண்டு பக்கமும் காடு நெருக்கும் குறுகிய களம். குதிரைகளுக்கு உடல் முழுக்கக் கவசம் இல்லை. அம்பு பட்ட குதிரைகள் திரும்பி, நடந்து வந்துகொண்டிருந்த சொந்தப் படைக்குள்ளேயே புகுந்தன. தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கி, தலையைக் குனிந்து, மூச்சுத் திணறச் சேற்றில் நடந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அப்புறம் வில்லாளிகள் வில்லைக் கீழே போட்டுவிட்டுச் சுத்தியலும் கோடரியும் குத்துவாளுமாக இறங்கினார்கள். அம்பே கவசத்தைத் துளைத்திருந்தால் அவர்களுக்குச் சுத்தியல் எதற்கு?

இன்னொன்று. அன்றைக்கு இங்கிலாந்துப் படை ஏராளமான கைதிகளைப் பிடித்தது. பிரெஞ்சுப் பிரபுவான ஓர்லியான் கோமகன் சார்லஸைப் பிணக் குவியலுக்கு அடியிலிருந்து உயிரோடு இழுத்தார்கள். 25 வருடம் இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். அப்பளம் நொறுங்கியிருந்தால் அந்த ஆள் எப்படி உயிரோடு கிடைத்தார்?

1356இல் இதே இரண்டு நாடுகளும் மோதிய புவாத்தியே போரிலும் இதே கதைதான். குதிரைகளின் முன்பக்கக் கவசத்தில் அம்புகள் உடைந்தும் விலகியும் போயின என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஜெஃப்ரி லே பேக்கரே எழுதிவைத்திருக்கிறார். வில்லாளிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, குதிரைகளின் பின்பக்கத்தில் எய்யச் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. தன் நாட்டு வில்லைத் தானே மட்டம் தட்ட அவருக்கு என்ன வேண்டுதல்?

"அம்பில் யாருமே சாகவில்லையா?" செத்தார்கள். நான் எப்போது இல்லை என்றேன்? வளையங்கள் கோத்த சங்கிலிக் கவசத்தைக் கூர்முனை அம்பு துளைக்கும். அக்குள், தொடையிடுக்கு, முகமூடி திறந்த முகம், எல்லாமே ஆபத்தான இடங்கள். அஜின்கோர்ட்டை ஜெயித்த இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியே, 1403இல் 16 வயதில், ஷ்ரூஸ்பரி போரில் முகத்தில் அம்பு வாங்கியவர். ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர் அதற்கென்றே ஒரு கருவி செய்து முனையை வெளியே எடுத்து, தேன் வைத்துக் காயத்தை ஆற்றினார். முகத்தில் பட்டது, கவனியுங்கள். மார்புத் தகட்டில் இல்லை.

மலிவான கவசம், மட்டமான இரும்பு என்றால்? ஆமாம், அது வேறு. அதைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லை.

இப்போது அந்தப் "பாசம்" விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. வில்லாளி ஏழை உழவன், கவசம் பிரபு, ஆகவே கவசம் வேலை செய்தது என்று சொல்பவன் பிரபுவின் ஆள். என்ன அழகான கணக்கு! 1415இல் வில்லாளிக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ் சம்பளம். பஞ்சைப் பராரிக்குக் கொடுக்கிற கூலி இல்லை அது. சரி, அதை விடுங்கள். அந்தத் தகட்டை அடித்தவன் யார்? பிரபுவா அடித்தான்? இத்தாலியின் மிலான் நகரத்துப் பட்டறைகளில் உலைக்கு முன்னால் நின்று, எங்கே கனம் வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று கையாலேயே அறிந்து அடித்த கொல்லன் பிரபுவா? அவன் வேலையை அப்பளம் என்று கைதட்டலுக்காகச் சொல்லிவிட்டு, உழைப்பாளியின் பக்கம் நிற்பதாக நடிக்கிறார்கள். எனக்கு அங்கேதான் வலித்தது. பிரபு எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

1424இல் வெர்னோய் போரில் அந்த மாதிரிக் கவசம் பூட்டி, பிரான்சின் பக்கம் நின்ற லொம்பார்டிக் (மிலான் இருக்கும் பகுதி) குதிரைப்படை, இங்கிலாந்து வில்லாளிகளின் வரிசையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்தது. ஓடின திசையில் ஓடி, மூட்டை முடிச்சுகளைக் கொள்ளையடிக்கப் போய்விட்டது. அதனால் அந்தப் போரிலும் இங்கிலாந்துதான் ஜெயித்தது. இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா!" என்று குதிக்க யாரோ தயாராக இருப்பார்கள். குதியுங்கள். கொள்ளையடிக்கப் போனதற்கும் கவசத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் அப்படியே கீழே எழுதிவிட்டுப் போங்கள்.