டிராக்டர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

சித்திரை மழை இறங்கியதும் தர்மபுரிப் பக்கத்து மேட்டுக்காடுகளில் கோடை உழவு தொடங்கிவிடும். ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சொல்லி வளர்ந்த ஊர்கள், உழவை யாரும் விடுவதில்லை. ஆனால் அந்த உழவு எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. என் ஆதங்கமே அதுதான்.

டிராக்டர் வாடகை மணிக்கணக்கு. காட்டின் நீளவாக்கில் ஓட்டினால் திருப்பம் குறைவு, சீக்கிரம் முடியும். சரிவும் அதே பக்கமாக இருந்துவிட்டால் ஒவ்வொரு உழவுச்சாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்டிய வாய்க்கால்தான். “குறுக்கால ஓட்டுங்கண்ணா” என்றால், “திரும்பித் திரும்பியே டைம் போயிடும், அப்புறம் வாடகை ஜாஸ்தின்னு நீங்களே சண்டைக்கு வருவீங்க” என்பார் டிரைவர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று லோடுக்கு மேல். சரிவுக்குக் குறுக்கே சால் இருந்தால் அதில் பெரும்பகுதி அங்கங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கும். இல்லையென்றால் செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு ஓடையில் சேரும். அதை ஓடவிட்டுவிட்டு, கடன் வாங்கி ஆயிரம் அடிக்கு போர்வெல் போடுகிறோம்.

போகிற மண்ணும் கொஞ்சநஞ்சமில்லை. இந்தியாவில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் மண் அரிக்கப்படுகிறது என்று 1983லேயே கணக்கிட்டார்கள். ஏக்கருக்கு ஆறரை டன். அதுவும் எருவும் உரமும் போட்டு வளர்த்த மேல்மண். அது ஏரியிலும் அணையிலும் போய்ப் படிகிறது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் 2017இல்தான் முதன்முதலாக வண்டல் அள்ள விட்டார்கள். ஏரி, குளங்களில் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024இல் நடைமுறையை எளிதாக்கினார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நம் காட்டிலிருந்து சும்மா போன மண்ணை, லாரி வாடகை கொடுத்துத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

அடுத்தது வரப்பு. இருபுறமும் இருக்கும் பங்காளிகள் வருஷம் ஒரு சாண் செதுக்கிச் செதுக்கி, ஒற்றை ஆள் நடக்கக்கூட இடமில்லாத வரப்புகள் எத்தனை! மிச்சம் இருப்பதிலும் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கி விடுகிறார்கள். வேர் செத்த வரப்பு முதல் பெருமழைக்கே உடைந்துவிடும். கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ வரிசையாக வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கும் ஆகும்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. தேவைதான். ஆனால் அது போரில் எடுத்த தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வழி. வானத்திலிருந்து விழுவதைப் பிடித்து வைப்பது வேறு வேலை. மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் தக்காளி போட்டால் நிலத்தடி நீருக்கு என்ன லாபம்? மோட்டாருக்குக் கரண்டும் இலவசம் என்னும்போது நிறுத்தத்தான் யாருக்கு மனசு வரும்?

டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் மேல் இருக்கும் மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே மாவு மாதிரி பொடியாக்கிவிடும், பார்க்க அழகுதான். வருஷா வருஷம் அதே ஆழத்தில் ஓட்டினால் அடியில் மண் இறுகிப் போகும், தண்ணீர் இறங்காது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை விட்டால் அந்த இறுக்கம் உடையும்.

சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் சமமாக நிற்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். அதை ஒட்டி உழுதால் சரி.

குறுக்கே உழுவதால் கூடும் டிராக்டர் நேரத்துக்கான வாடகையை அரசு மானாவாரி விவசாயிக்கு மானியமாகக் கொடுத்துப் பார்க்கட்டும். அந்த டிரைவரும் மறுக்கமாட்டார், மீட்டர் ஓடினால் அவருக்கும் சந்தோஷம்தானே.