200 பயணம் என்றால் 200 தடவை ஊருக்குப் போவதல்ல

"ஃபாஸ்டேக் (சுங்கக் கட்டணம் தானாகக் கழிய காரில் ஒட்டும் வில்லை) வருடப் பாஸ் எடுத்தால் 200 தடவை ஊருக்குப் போய்வரலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. 2025 ஆகஸ்ட் 15-இல் 3000 ரூபாய் விலையில் வந்த இந்தத் திட்டத்தில், நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஒரு சுங்கச்சாவடியைக் கடந்தாலே ஒரு பயணம். சென்னையிலிருந்து விழுப்புரம் போகும்போது பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என மூன்று கழிந்துவிடும். திரும்பும்போது இன்னொரு மூன்று. எக்ஸ்பிரஸ்வே மாதிரி, நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் வைத்துக் கட்டணம் கணக்கிடும் சாலைகளில் மட்டும் நுழைவும் வெளியேற்றமும் சேர்த்து ஒன்று. ஒரு வருடம் அல்லது 200, எது முந்துகிறதோ அதோடு சரி.

அப்புறம், இது தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் தேசிய எக்ஸ்பிரஸ்வேக்களுக்கும்தான். சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) உள்ள உத்தண்டி சுங்கச்சாவடி மாநில அரசுடையது; அங்கே வழக்கமான கட்டணம்தான் கழியும். டாக்ஸிக்குப் பாஸே கிடையாது, சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். ஒரு பயணத்துக்குச் சுமார் 15 ரூபாய் என்பது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவர் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.