வாட் வரியை 18 ஆக்கியது அநுர இல்லை

"ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடனை வாங்கி, இலங்கையில் வாட் வரியை 18 சதவீதம் ஆக்கியதே அநுரதான்" என்று இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அந்தக் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச்சில். வாட் 15-லிருந்து 18-க்குப் போனது 2024 ஜனவரியில். இரண்டுமே ரணில் விக்ரமசிங்க ஜனாதிபதியாக இருந்த காலம். அநுர ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தது 2024 செப்டம்பரில்தான்.

அதற்காக மக்களின் ஏமாற்றம் பொய் என்று சொல்லவில்லை. திட்டுவதென்றால் மின்கட்டணத்துக்குத் திட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்று அநுர தரப்பினர் சொன்னார்கள். 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, சரி. ஜூனிலேயே 15 சதவீதம் ஏறிவிட்டது. சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் கீழ்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துத் தம்பியோடு போனில் பேசினால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் கரண்ட் பில் பேச்சு வந்துவிடும். (நம்ம ஊர் பில்லைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.)