தரவரிசை இடம் தராது
“பீபா (உலக உதைபந்தாட்டச் சம்மேளனம்) தரவரிசையில முன்னுக்கு நிற்கிற நாடுகளைத்தான் பெண்கள் உலகக் கிண்ணத்துக்கு எடுப்பாங்க, இலங்கை ஆடியும் பிரயோசனமில்ல” என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கார். பிழை தம்பி. வெபர் மைதானத்தில பந்து உதைக்கிற நம்மட மட்டக்களப்புப் பிள்ளைகளும் இதை வாசிக்கிறாங்க, அதனாலதான் எழுதுறன்.

தரவரிசை, குலுக்கலில அணிகளைக் குழுக்களாகப் பிரிக்கத்தான். இடம், ஆடி வென்றால்தான். 2027 பிரேசில் உலகக் கிண்ணத்துக்கு ஆசியாவில வழி பெண்கள் ஆசியக் கிண்ணம்: அரையிறுதிக்கு வாற 4 அணிகளும் நேரே; காலிறுதியில தோற்றவங்க தங்களுக்குள்ள மோதி இன்னும் 2.

அந்தக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில, 2025 ஜூலையில், 128ஆம் இடத்திலிருந்த பங்களாதேஷ் 55ஆம் இடத்து மியன்மாரை யாங்கோனிலேயே 2–1 என்று வென்றது. இரண்டு கோலும் ரிது போர்ணா சக்மா அடிச்சது. பங்களாதேஷ் பெண்கள் ஆசியக் கிண்ணத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.